கடைசிப் பக்கங்கள் கிடைத்துவிட்டன

மதிப்பிற்குரிய எழுத்தாளர் தேவன் ஐயா அவர்களுக்கு,

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் 1957 மே மாதம், 43 வயதிலேயே போய்விட்டீர்கள். நான் பிறந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. ஆனாலும் உங்களுக்கு நான் ஒரு நன்றி பாக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய துப்பறியும் சாம்புவால் வந்த பாக்கி அது.

எங்கள் நூலகத்தில் சில மாதங்களாகத் துப்பறியும் கதைகளின் கடைசிப் பக்கங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கவிதைப் புத்தகங்கள் பத்திரமாக இருந்தன, சமையல் குறிப்புகளும் அப்படியே. துப்பறியும் சங்கர்லால் குற்றவாளியின் பெயரைச் சொல்ல வாய் திறக்கும் இடத்தில் மட்டும் தாள் இல்லை. துப்பறியும் ஜோடியான கணேஷும் வசந்தும் கதையை முடிக்காமலேயே நின்றார்கள். யாரோ வேண்டுமென்றே கிழிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இரவல் பதிவேட்டைப் புரட்டியபோது, பக்கம் போன எல்லாப் புத்தகங்களுக்கும் நேரே ஒரே பெயர் இருந்தது. ஒன்பதாவது படிக்கும் பையன். அவன் அப்பா அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்.

காலையில் பேப்பர் படிக்க வந்த ஐந்தாறு பேர் முன்னால், "நீதானே கிழிச்சே?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. கையில் இருந்த புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அதன்பிறகு மூன்று வாரம் வரவே இல்லை.

அந்த மேஜையில் தாள் பறக்காமல் இருக்க ஒரு கல் வைத்திருக்கிறேன். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி சுருண்ட வரிகள் உள்ள கல். அதைக் கொடுத்தவனும் அவன்தான். 2020-ல் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்ததையும், டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டதையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நிபுணர்கள் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் என்னும் பழைய கடலுயிரின் படிவங்கள் என்றார்கள். அப்போது நாலாவது படித்த இவன், முட்டைதான் என்று சாதித்தவர்களில் ஒருவன். தெருப் பிள்ளைகள் அவனுக்கு 'முட்டை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவனோ மறுவாரமே ஓடைக்குப் போய்க் குனிந்து படிவங்களைத் தேட ஆரம்பித்துவிட்டான். முட்டை இல்லையென்றால் என்ன, கடல் இருந்ததே! சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை, புவியியல் ஆய்வாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டு சொன்ன கதையை எனக்கு விவரமாகச் சொன்னவனும் அவன்தான். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் திருடன் என்றேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பீரோவை நகர்த்திப் பெருக்கினோம். பின்னால் ஒரு மஞ்சப்பை. உள்ளே பதினேழு தாள்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, மடிப்பில்லாமல். எங்கள் நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஆயா சொன்னார்: "கீழ கெடந்துச்சும்மா. எழுத்து இருக்குற காயிதத்த மிதிக்கலாமா? அதான் எடுத்து வெச்சேன்." ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்தத் தாள் எந்தப் புத்தகத்துக்கு என்று அவர் எப்படிச் சொல்வார்? அதிகம் பேர் கை மாறுகிற புத்தகம்தான் முதலில் தையல் விடும். கடைசித் தாள்தான் முதலில் கழன்று விழும். அவ்வளவுதான் மர்மம். அதிகம் படிக்கிறவன் பெயர் எல்லாப் புத்தகத்துக்கு நேரேயும் இருப்பதில் என்ன குற்றம்?

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். கைக்கு வந்தது துப்பறியும் சாம்பு.

சின்ன வயதில் சிரிக்கத்தான் படித்தேன். தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி நடித்தபோதும் வீடே சிரித்தது. அன்று இரவு படித்தது வேறு புத்தகம்போல் இருந்தது. சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. முட்டாள் என்று எல்லோரும் தீர்ப்பு எழுதிய மனிதர். ஏதோ உளறுகிறார், எங்கோ தடுக்கி விழுகிறார், குற்றவாளி அகப்படுகிறான், இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து போகிறார். எப்படி ஜெயித்தோம் என்று சாம்புவுக்கே தெரியாது. தெரியாது என்ற அந்தக் கனத்தோடுதான் அடுத்த வழக்குக்கும் கிளம்புகிறார்.

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளும் தொழில்முறைத் துப்பறிவாளர் இல்லை. 1927-ல் சிறுகதையில் அறிமுகமான அந்தக் கிராமத்துப் பாட்டியைப் போலீஸ்காரர்கள் பலமுறை ஒதுக்கித் தள்ளுகிறார்கள். அவர் பின்னல் ஊசியைக் கீழே வைக்காமல், இந்த ஆள் எங்கள் ஊரில் யாரைப்போல இருக்கிறான் என்று நிதானமாக யோசிக்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். ஆனால் தான் நினைப்பது சரி என்ற திடம் அவருக்கு எப்போதும் உண்டு. அப்படிப்பட்ட திடம்தான் என்னை அந்தப் பையன்மேல் பாய வைத்தது. தப்பு செய்துவிட்டு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குத் துணை வர, திடமே இல்லாத ஒருவர் வேண்டியிருந்தது. விகடனின் நிர்வாக ஆசிரியராக அத்தனை வேலைக்கு நடுவில் சாம்புவை எங்களுக்கு எழுதி வைத்தீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி. விடிந்ததும் எழுந்து கிளம்பினேன்.

அவன் அம்மா வெங்காயப் பட்டறை பக்கம் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடமும் பையனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அது போதாது என்று பட்டது. பலர் முன்னால் சொன்ன பழி அல்லவா? பூஜை விடுமுறை முடிந்து நூலகம் திறந்ததும், பேப்பர் படிக்க வந்த அதே ஆட்கள் முன்னால், "தப்பு என்னுடையது" என்று சொன்னேன். அது தெருமுனைவரை போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை பையன் வந்தான். மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்திருந்தான். மத்தியானம்வரை உட்கார்ந்து, எழுத்தின் அளவையும் தாளின் நிறத்தையும் பார்த்துப் பார்த்து ஒட்டினான். பதினாறு தாள்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு தாள் மட்டும் எங்களிடம் உள்ள எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தவில்லை. அதையும் உங்கள் சாம்புவையும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான்.


ஊர்ப்புற நூலகர்,
குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்