மங்கலதேவி மலையில் ஒரு பகல்

மதுரையில் பிறந்து மதுரையிலேயே உத்தியோகமும் பார்க்கிறவன் சித்திரா பௌர்ணமியன்று ஊரில் இல்லாமல் இருப்பதற்குத் தக்க காரணம் ஒன்றும் சொல்ல முடியாது. கள்ளழகர் தங்கக் குதிரையில் ஏறி வைகையில் இறங்கும் நாள் அது. லட்சக் கணக்கான ஜனங்கள் நம் ஊரைத் தேடி வருகிறபோது, உள்ளூர்க்காரன் ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் பஸ் ஏறினால் கண்டக்டர்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். 2022-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி இரவு என்னையும் என் அக்காளையும் அப்படித்தான் ஒருவர் பார்த்தார். "அழகர் இங்கே வருகிறார், நீங்கள் குமுளிக்குப் போகிறீர்களே, ஸார்?" என்றார். வேறொரு தெய்வத்தைப் பார்க்கப் போகிறோம் என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அப்பால் போய்விட்டார்.

அந்தத் தெய்வம் வேறு யாருமல்ல. நம் ஊரை எரித்தவள்தான். தேனி மாவட்டம் கூடலூருக்கு மேலே, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக நிற்கும் மலை முகட்டில், சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடு. வருஷத்தில் 364 நாள் அங்கே யானைக்கும் காட்டெருமைக்கும்தான் அனுமதி. சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும், அதுவும் பகல் பொழுதில் மட்டும், இரண்டு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசி மனிதர்களை மேலே விடுகிறார்கள். முன்காலத்தில் பல நாள் திருவிழா நடந்ததாகக் கூடலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கோயில் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் காட்டைக் காக்கும் சட்டமும் சேர்ந்து அதை ஒரு பகலாகச் சுருக்கிவிட்டன. 2020-லும் 2021-லும் கொரோனா காரணமாக அந்த ஒரு பகலும் இல்லை. அந்த இரண்டு வருஷமும் மதுரையிலும் அழகர் ஆற்றுக்கு வரவில்லை.

2021-ஆம் வருஷம் மே மாதத்தில் எங்கள் அத்தான் அந்த நோயில் காலமானார். தத்தனேரி மயானத்துக்கு நாலு பேருக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. அக்காள் வீட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பம் படித்த குடும்பம். "இதைச் செய், அதைச் செய்யாதே" என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவளாகவே நெற்றியில் வைப்பதை நிறுத்தினாள். கை வளையல்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். யாராவது தாம்பூலம் கொடுக்கும் இடத்தில் சொல்லாமலே பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஒருவரும் சொல்லாமல் ஒரு மனுஷி இவ்வளவையும் செய்கிறாள் என்றால், சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதில்லை போலும்!

மறு வருஷம் பங்குனியில் அழகர் மறுபடி ஆற்றில் இறங்கப் போகிறார் என்ற செய்தி வந்தது. செல்லூரில் எங்கள் தெருவே குதூகலப்பட்டது. அக்காள் மட்டும் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அழகரை ஐம்பது வருஷமாகப் பார்த்தாயிற்று. இந்தத் தடவை அந்த ஆற்றங்கரையில் போய் நிற்க எனக்கு மனசில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறாயே, அந்த அம்மாளின் மலைக்கு என்னைக் கூட்டிப் போகிறாயா?" என்று கேட்டாள். ஆற்றங்கரையில் வருஷந்தோறும் அவள் பக்கத்தில் நின்றவர் யார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை.

நான் தமிழாசிரியன். இருபது வருஷமாக வழக்குரை காதையைப் பிள்ளைகளுக்கு நடத்தி வருகிறேன். மற்ற ஊர்களில் இதைப் பாடமாகப் படிப்பார்கள்; மதுரையில் விசாரணையாக நடக்கும். "ராஜா செய்த தப்புக்கு எங்கள் தெருவை ஏன் ஸார் எரித்தாள்?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பையன் எழுந்து கேட்பான். பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் இருக்கிறது; கோவலன் வெட்டுண்ட இடம் அதுதான் என்பார்கள். தொல்பொருள் இலாகாவினர் அங்கே அகழ்வாராய்ச்சியும் செய்திருக்கிறார்கள். அழகர் மலையிலிருந்து நகருக்கு வரும் பாதையில் கடச்சனேந்தல் என்று ஓர் ஊர். கண்ணகி கடைசிச் சிலம்பைக் கணவன் கையில் ஏந்திக் கொடுத்த இடமாதலால் "கடைச்சிலம்பு ஏந்தல்" என்று பெயர் வந்ததாம். இந்த மாதிரிப் பெயர் விளக்கங்களை நான் வகுப்பில் ஆதரிப்பதில்லை. ஆனாலும் சொல்லாமல் விடுவதுமில்லை. சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்குச் சிலையும் உண்டு. எரிந்த ஊர் எரித்தவளை மறக்கவில்லை என்று வைத்துக் கொள்ளலாம்.

விடியுமுன் குமுளி போய்ச் சேர்ந்தோம். மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். அங்கே கண்ட ஜீப் வரிசையைப் போல் நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு ஜீப்புக்கு இத்தனை பேர், இன்ன கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. வழியில் சோதனைச் சாவடிகளில் தமிழ்ப் போலீசார் ஒருபுறம், மலையாளப் போலீசார் ஒருபுறம். பைகளைத் திறந்து பார்த்தார்கள். பிளாஸ்டிக் ஒன்றும் காட்டுக்குள் போகக் கூடாது. அக்காள் தயிர்சாதத்தை வாழையிலையில் கட்டித் துணியில் முடிந்து கொண்டு வந்திருந்தாள். சோதித்த பெண் போலீஸ் அதைத் தடவிப் பார்த்து, "அம்மாவைப் போல் எல்லாரும் வந்தால் எங்களுக்கு வேலையே இல்லை" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அக்காள் சிரித்ததைப் பார்த்தேன்.

ஜீப் போகும் பாதையைப் பாதை என்பது மரியாதைக்காகத்தான். பதின்மூன்று பதினான்கு கிலோமீட்டருக்குள் மனித எலும்புகள் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். சோலைக் காடு முடிந்து புல்வெளி மலைகள் தொடங்கியதும் காற்று ஒன்று வீசிற்று பாருங்கள்! சித்திரை மாதத்து மதுரையிலிருந்து போனவர்களுக்கு அது வேறு உலகத்துக் காற்று.

கோட்டம் என்றதும் கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அங்கே இருப்பது பெரும் பெரும் கருங்கற்களை அடுக்கிய இடிந்த மதில், தலை போன வாயில்கள், சரிந்து கிடக்கும் தூண்கள், பக்கத்தில் ஒரு சுனை. 1963-ஆம் வருஷத்தில் சி. கோவிந்தராசனார் என்னும் தமிழறிஞர், கண்ணகி சென்ற வழியைத் தேடிக் கால்நடையாகவே நடந்து வந்து, சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினிக் கோட்டம் இந்த இடிபாடுதான் என்று முடிவு கட்டினார். மலைக் காட்டுக்கு வண்ணாத்திப்பாறை என்று பெயர் வழங்குகிறது. கண்ணகி விண்ணேறியதால் விண்ணேற்றிப் பாறை என்று இருந்து இவ்வாறு திரிந்தது என்பார்கள். செங்குட்டுவன் கோயில் கொடுங்கல்லூரில்தான் என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். இலங்கையிலோ சிங்களவர் பத்தினி தெய்யோ என்றும், மட்டக்களப்புத் தமிழர் கண்ணகி அம்மன் என்றும் அவளைத் தங்கள் ஊர்த் தெய்வமாகவே ஆக்கிக் கொண்டார்கள். கல்லெல்லாம் பேசினால் வழக்கு ஒரு நாளில் தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால், வைகைக் கரையோடு மேற்கே நடந்து வருகிற ஒருத்தி கடைசியில் ஏறக்கூடிய மலை இது; அந்த மட்டில் கோவிந்தராசனார் கால்களுக்கு என் வோட்டு.

சந்நிதியில் நீண்ட வரிசை. தமிழ் முறையில் ஒருபுறமும் கேரள முறையில் ஒருபுறமும் பூசை நடந்தது. சிதைந்த கல்லுக்குப் பட்டும் பூவும் சாத்தி, அன்று ஒரு நாளைக்கு அவளை மணப்பெண்ணைப் போல் ஆக்கியிருந்தார்கள். அக்காள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "ஏன் தம்பி, புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு மங்கலதேவி என்று யார் பெயர் வைத்தார்கள்?" என்று கேட்டாள்.

மதுரையை விட்டுப் புறப்படுகையில் கண்ணகி கொற்றவை கோயில் வாயிலில் தன் வளையல்களை உடைத்துப் போட்டாள் என்கிறார் இளங்கோவடிகள். கிழக்கு வாயிலில் கணவனோடு நுழைந்தவள், மேற்கு வாயிலில் தனியே வெளியேறினாள். பதினாலாம் நாள் குன்றின்மேல் வேங்கை மரத்தடியில் நின்றபோது கோவலன் தேவ வடிவில் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனான்; குன்றக் குறவர்கள் அதைக் கண்ணால் கண்டார்கள். செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்து கோயில் எடுத்தபோது, இலங்கைக் கயவாகு மன்னனும் வந்திருந்தானாம். அப்போது ஆகாயத்தில் தோன்றிய கண்ணகியின் காலில் சிலம்பு இருந்தது. கையில் வளையலும் இருந்தது. பாண்டியன்மேல் குற்றமில்லை, நான் அவன் மகள் என்றுகூட அவள் சொல்லிவிட்டாள். இவ்வளவையும் வரிசையில் நகர்ந்துகொண்டே அக்காளிடம் சொன்னேன். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு கம்பத்து விவசாயியும் திரும்பிக் கேட்டுக்கொண்டே வந்தார். "உடைத்த வளையல் எப்படி வந்தது?" என்றாள் அக்காள். அதற்கு இளங்கோவடிகள் காரணம் சொல்லவில்லை என்றேன்.

தரிசனம் முடிந்து வெளியே வரும் இடத்தில் பெண்களுக்கு மஞ்சள் கயிறும் கண்ணாடி வளையல்களும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காள் பழக்கப்படி ஒதுங்கினாள். கொடுத்துக் கொண்டிருந்த கிழவிக்கு இவள் யார், எவர் என்று என்ன தெரியும்? கூட்டம் நெருக்குகிறது, நிமிர்ந்து பார்க்க நேரமேது? நாலு பச்சை வளையல்களை அக்காள் கையில் திணித்துவிட்டு, "நகரு தாயி, பின்னால் வருகிறவர்களுக்கு வழி விடு" என்றாள். அக்காள் நகர்ந்தாள். வளையல்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கூடலூர் வயல்களும் தென்னந்தோப்புகளும் பச்சைப் பாய் விரித்தாற்போல் தெரியும். மறுபடி திரும்பியபோது அவள் வளையல்களை முந்தானையில் முடிந்து கொண்டிருந்தாள்.

இறங்கும்போது ஜீப் வேண்டாம் என்றுவிட்டாள். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடிக்கு ஒரு நடைபாதை உண்டு. ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். செங்குத்துச் சரிவு, சரளைக் கல், தலைக்கு மேல் வெய்யில். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குத் தண்டனை என்பது நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் தெரியும். பாதி வழியில் ஒரு மர நிழலில் தயிர்சாதத்தைப் பிரித்தோம். அக்காள் ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "பதினாலு நாள் நடந்தாளே, யாராவது அவளுக்கு ஒரு பிடி சோறு போட்டார்களா?" என்றாள்.

இருபது வருஷத்தில் எந்த மாணவனும் கேட்காத கேள்வி. இரவு பகல் பாராமல் வைகைக் கரையோடு நடந்தாள் என்று காப்பியம் சொல்கிறது. சாப்பிட்டாளா என்பதைச் சொல்லவில்லை. கரை ஓரம் எத்தனை ஊர்! மோர் விற்ற மாதரி ஒருத்தி அடைக்கலம் கொடுத்த நாடு அது. ஒருத்தியாவது கூப்பிட்டிருக்க மாட்டாளா? அல்லது ஊரை எரித்துவிட்டு வருகிறாள் என்று கதவைச் சாத்திக் கொண்டார்களா? "எனக்கு அந்த ஒரு வருஷமும் வந்து சோறு போட்டவர்கள் இருந்தார்கள்" என்று அக்காள் சொன்னாள். அத்தானைப் பற்றி அதற்கு மேல் அன்று பேச்சில்லை.

பளியன்குடியைக் கடந்து லோயர் கேம்ப் வந்தால் பெரியாற்றுத் தண்ணீர் மின்சார நிலையத்தைத் தாண்டி இரைந்து ஓடுகிறது. மேற்கே கடலுக்குப் போய்க் கொண்டிருந்த ஆற்றை, பென்னிகுவிக் துரை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து 1895-இல் கிழக்கே திருப்பிவிட்டார். அந்த நீர்தான் வைகையில் கலந்து மதுரை, மேலூர் வயல்களுக்குப் பாய்கிறது. அழகர் இறங்குவதற்காக வைகை அணையில் திறந்துவிடும் தண்ணீரிலும் இந்த மலைத் தண்ணீர் இருக்கிறது. அக்காள் கால்களை நனைத்துக்கொண்டு, "இது நம் ஊருக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும்?" என்றாள். நடுவில் அணை இருக்கிறது, இன்ஜினீயர்கள் திறந்தால்தான் போகும் என்றேன்.

தேனி பஸ் நிலையத்தில் மதுரைச் செய்தி கிடைத்தது. அன்று காலை ஆற்றில் கூட்ட நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். டீக்கடையில் எல்லாரும் அதையே பேசினார்கள். அக்காள் டீக் கிளாசைக் கையில் வைத்தபடி, அவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ என்றாள். கிளாசை வைத்தபோது கண்ணாடிச் சத்தம் கேட்டது. பச்சை வளையல்கள் அவள் கையில் இருந்தன. எப்போது போட்டுக் கொண்டாளோ, நான் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும்போது முழு நிலா வந்துவிட்டது. அவள் தூங்குகிறாள் என்றிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "அடுத்த வருஷம் உன் வீட்டுக்காரியையும் அழைத்து வா. நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வரச் சொல், அந்தச் சரளையில் ரப்பர்ச் செருப்பு ஆகாது" என்றாள்.