மீன்காரர் ஹாரன்

விடியற்காலையில் முட்டத்தில் சாளையோ அயிலையோ எடுத்தால், வெயில் ஏறுமுன் மணவாளக்குறிச்சி தாண்டி திங்கள்சந்தைப் பக்கம் விற்று முடிக்க வேண்டும். அந்த மீன்காரருக்கு 25 வருடமாக இதுதான் பிழைப்பு. பழைய டிவிஎஸ், பின்னால் பெட்டி, ஹேண்டிலில் ரப்பர் ஹாரன். 'பாம்... பாம்' கேட்டால் வாசலில் சட்டியோடு வந்து நிற்பார்கள்.

அந்த ஹாரன்தான் ஒருநாள் அவரைக் கைவிட்டது.

மணவாளக்குறிச்சியில் ஒரு கடை முன்னால் நின்ற கார், ரோட்டில் ஏறப் பார்த்தது. இவர் ஹாரனை அமுக்கினார். டிரைவர் இந்தப் பக்கம் திரும்பியும் பார்த்தார். ஆனாலும் கார் வந்துவிட்டது. மணிக்கட்டு முறிந்தது. ரோடெல்லாம் சாளை. ஓடிவந்து தூக்கிய டிரைவர் சொன்னார்: "அண்ணே, ஹாரன் கேட்டுச்சு. மீன் விக்கீங்கன்னு நினைச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. தினமும் கேட்கும் சத்தம் யாரையும் எச்சரிப்பதில்லை. போதாக்குறைக்கு, பிரேக்கில் இருக்க வேண்டிய கை அப்போது ஹாரனில் இருந்தது.

அமெரிக்காவில் 1981-இல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. பைக்கும் வேறு வண்டியும் மோதியவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில், வழிவிடாமல் குறுக்கே வந்தது மற்ற வண்டிதான். பைக் கண்ணில் படவில்லை, அல்லது பட்டபோது நேரம் கடந்திருந்தது. பைக்காரருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு வினாடிக்கும் குறைவு.

நேராக வரும் பைக், எதிரில் இருப்பவர் கண்ணுக்கு நகராத புள்ளி மாதிரிதான் தெரியும். சட்டென்று பெரிதாகும்போது பக்கத்தில் வந்திருக்கும். அதே பைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் கண் பிடித்துக்கொள்ளும்.

கை கூடிய பிறகு அவர் பகலிலும் ஹெட்லைட் போட ஆரம்பித்தார். 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் அது தானாகவே எரிகிறது. இவர் வண்டி அதற்கும் மூத்தது. எதிரே வருகிறவர்கள் விரலை விரித்து மடக்கி 'லைட் எரியுது' என்று காட்டுவார்கள். இவருக்குச் சந்தோஷம். பார்த்துவிட்டார்களே!

மகளுக்கு நாகர்கோவில் ஜவுளிக்கடையில் வேலை கிடைத்து ஸ்கூட்டர் வாங்கியபோதுதான் பயம் வந்தது. ஒரு வாரம் கூடவே போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

"ஹாரன் அடிச்சாச்சு, கேட்டிருப்பான்னு நினைக்காத மக்ளே. தூரத்துலயே ரெண்டு தட்டு தட்டு. வேகத்தக் குறை. விரல் பிரேக்குல இருக்கணும்."

"அவங்க என்னப் பாத்தாங்கன்னா?"

"மூஞ்சிய நம்பாத. முன் வீலப் பாரு. அதுதான் முதல்ல அசையும். லாரி கண்ணாடியில டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியலன்னா, நீயும் அவனுக்குத் தெரியமாட்ட."

அவள் தனியாகப் போன முதல் நாள், அவர் மீன் பெட்டியோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். அம்மாண்டிவிளைப் பக்கம் திரும்பும் முன், ஓர் ஆட்டோ சந்திலிருந்து மூக்கை நீட்டியது. தூரத்திலேயே இரண்டு தட்டு. ஸ்கூட்டர் மெதுவானது, லேசாக வலப்பக்கம் ஒதுங்கியது. ஆட்டோ நின்றது. அவள் போய்விட்டாள்.

"சாளை இருக்கா?" என்று ஒரு வீட்டிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அவர் காதில் விழவில்லை.