காலெட்டை முறுக்கும் நேரம்

சத்தியமங்கலத்தில் மரத்துக்குக் கணக்கு உண்டு. வனத்துறையின் சந்தனக் கிடங்கில் கட்டைகள் தரம் பிரிக்கப்பட்டு, எடை போடப்பட்டு ஏலத்துக்குப் போகின்றன. அதே ஊரில் வாசக்காலும் கதவும் அலமாரியும் செய்யும் கைகளுக்கு அப்படியொரு கணக்கு இல்லை. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள் அவை. உளி செய்த வேலையில் பாதியை இன்று ரூட்டர் மெஷின் செய்கிறது. கதவு விளிம்பை உருட்டுவது, காடி எடுப்பது, கண்ணாடிக்குப் படி வெட்டுவது எல்லாம் அதில்தான். ரூட்டரில் விரல் போனால் ‘ஆசாரி அசந்துவிட்டார்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். மெஷினைச் சரிசெய்யும் நேரத்துக்குக் கூலி தராத முறையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

ரூட்டரில் உயிர்நிலை காலெட். மரத்தை வெட்டும் பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும், பிளவுபட்ட சிறு எஃகு வளையம் அது. அதில் மரத்தூளோ பிசினோ ஒட்டியிருந்தால் பிடி தளரும். கால் அங்குலக் காலெட் 6.35 மி.மீ.; அதில் 6 மி.மீ. தண்டைச் செருகி முறுக்கினால் இறுகியதுபோலத்தான் தெரியும், ஓட்டத்தில் நழுவும். நழுவிய பிட்டின் தண்டில் வழவழப்பாகக் கோடு விழுந்திருக்கும்; அதைக் கண்டால் காலெட்டை மாற்றியாக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்டை முழுவதும் இறக்கி, அடியில் முட்டாமல் இரண்டு மூன்று மி.மீ. மேலே தூக்கி முறுக்க வேண்டும். அடுத்தது வேகம். 50 மி.மீ. விட்டமுள்ள பிட்டை நிமிடத்துக்கு 24,000 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 226 கி.மீ. வேகத்தில் போகும். அவ்வளவு பெரிய பிட்டுக்கு 10,000 முதல் 12,000 சுற்றே போதும். பலகையின் வெளி விளிம்பில் இடஞ்சுழியாகவும், சட்டத்தின் உள் விளிம்பில் வலஞ்சுழியாகவும் மெஷினைத் தள்ள வேண்டும். திசை மாறினால் பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு மெஷினையே முன்னால் இழுத்துப் போகும். ஆழமான காடியை ஒரே தடவையில் எடுக்காமல் மூன்று நான்கு ஓட்டத்தில் இறக்க வேண்டும். அதற்கு முன் கழிவுக் கட்டையில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டும்.

இந்த வேலைகள் ஒவ்வொன்றும் சில நிமிடங்களைக் கேட்கின்றன. சதுர அடிக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது அந்த நிமிடங்கள் ஆசாரியின் கையிலிருந்துதான் போகின்றன. வீட்டுக்காரருக்கும் பட்டறைக்கும் நடுவே நிற்கும் ஒப்பந்தக்காரர் தேதியையும் விலையையும் முடிவு செய்கிறார். கழிவுக் கட்டையும் புதுக் காலெட்டும் அவர் கணக்கில் வருவதில்லை. மூன்று ஓட்டத்தில் எடுக்க வேண்டிய காடியை ஒரே ஓட்டத்தில் எடுப்பவர் விதி தெரியாதவர் அல்லர். விதிப்படி செய்தால் அன்றைய கூலி குறையும் என்று தெரிந்தவர்.

அனுபவப்பட்ட கைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். உளியில் அனுபவம் பேசும். மரம் முரண்டு பிடிப்பதைக் கை முன்னமே உணரும். நொடிக்கு 400 சுற்றுச் சுற்றும் பிட் அந்த முன்னறிவிப்பைத் தருவதில்லை. கூலியைக் கூட்டினால் வேலை கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினுக்குப் போய்விடும் என்பது இன்னொரு வாதம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரே வடிவத்தில் நூறு கதவு வேண்டுபவர் எப்படியும் அங்கேதான் போவார். கோணல் சுவருக்கு ஏற்றபடி அளவெடுத்துச் செய்யும் வேலைக்கு ஆசாரியே வேண்டும், அவருக்குப் பத்து விரலும் வேண்டும்.

சட்டம் காக்காதா? 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் பொதுவாகப் பொருந்தியது. அதன் இடத்துக்கு வந்த 2020-ன் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 20 ஆக்கியது. மூன்று பேர் பட்டறை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமோ கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று அட்டவணை போட்டது. விரலுக்கும் கணக்கு இருக்கிறது, போன பிறகு. அந்தக் கணக்கு முன்னதாகவே தொடங்க வேண்டும். வீடு கட்டுபவர்கள் கொட்டேஷன் வாங்கும்போது பலகை, பசை, கைப்பிடி, பாலிஷ் என்று வரிவரியாகக் கேட்கிறார்கள். மெஷினைச் சரிசெய்து ஓட்டிப் பார்க்கும் கூலி என்று இன்னொரு வரியையும் கேட்டு வாங்கட்டும். அந்தத் தொகை ஆசாரியின் கைக்கே போகட்டும்.