எட்டாவதுக்கு அப்புறம் ஏழு கிலோமீட்டர்

ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம். மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது மதுரைக்கார நண்பன் ஒருவன் கேட்டான்: "உங்க ஊர்லயெல்லாம் ஸ்கூல் இருக்காடா?" கேலிக்குத்தான் கேட்டான், எனக்குக் கோபமில்லை. (இன்றைக்கு எனக்கு ரெக்கார்டு நோட்டு எழுதித் தருகிறவன் அவன்தான். பெயரைப் போட்டால் அடிப்பான்!) அன்றைக்கு "இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு சாம்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது மலரில் எழுத ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். முழுப் பதிலையும் சொல்லிவிடுகிறேன்.

இருக்கிறது நண்பா. ஒன்றல்ல, மூன்று. ஆனால் மூன்றும் மூன்று ஊரில்!

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டம், கமுதிப் பக்கம். மழை பெய்தால் முண்டு மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம். அப்பாவுக்குக் கரிமூட்டம்தான் பாதி வருஷம். சின்ன வயதில் சத்துணவுச் சோற்றுக்காக மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனாராம். அம்மா அதுவும் இல்லை. பத்தாவது தாண்டியது எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள்.

ஐந்தாவது வரை உள்ளூரிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், ஒரு சார், ஒரு டீச்சர். சார் மீட்டிங் போய்விட்டால் ஐந்து வகுப்பும் டீச்சர் தலையில். ஒண்ணாவது பிள்ளைகள் 'அம்மா, ஆடு' என்று கத்த, அதே அறையில் நாங்கள் பின்னம் போடுவோம். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை பக்கத்து ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளி. கண்மாய்க் கரை வழியாக இரண்டரை கிலோமீட்டர். கூட்டமாக நடந்தால் தூரம் தெரியாது.

ஒன்பதாவதுக்கு அரசு உயர்நிலைப் பள்ளி. அது ஏழு கிலோமீட்டர்.

எட்டாவது வரை 'ஊராட்சி ஒன்றியம்' என்று இருந்த போர்டு, ஒன்பதாவதில் ஏன் 'அரசு' என்று மாறுகிறது? எங்கள் சமூக அறிவியல் சாரிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் ஜில்லா போர்டு என்று ஒன்று பள்ளிக்கூடங்களை நடத்தியதாம். 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு ஒன்றியங்கள் வந்தன (எங்கள் மாவட்டத்தில் மட்டும் 11). தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்தின் கைக்குப் போயின. 1981-இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்கள் ஆகிவிட்டார்கள். ஆனாலும் சுவரில் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பெயரோடு போனால் பரவாயில்லை. எட்டாவதில் இன்னும் பல விஷயங்கள் நின்றுவிடுகின்றன. 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைதான். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் ஊரில் ஒரு குறையும் கிடையாது. சர்வே பிராக்டிக்கலில் டேப் பிடிக்கிற கையால் சொல்கிறேன், அளவு சரிதான். அதற்கு அப்புறம் இருக்கிற ஏழு கிலோமீட்டர் அந்தச் சட்டத்தின் கணக்கில் வராது.

அந்த ஏழு கிலோமீட்டரில்தான் எங்க அக்கா நின்றுபோனாள்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். வகுத்தல் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். கரித்துண்டை எடுத்து வீட்டுச் சுவரில் போட்டுக் காட்டுவாள். அம்மா திட்டுவாள், மறுநாள் சாணி போட்டு மெழுகுவாள், நாங்கள் மறுபடி எழுதுவோம். 2017-இல் எட்டாவது முடித்து டி.சி. வாங்கி வந்தாள். டவுன் பஸ் காலையில் ஒரு நடை. சாயங்கால பஸ் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னாலேயே போய்விடும். அடுத்தது இருட்டின பிறகுதான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கருவேலங்காடு. அந்த வருஷம் எங்கள் ஊரிலிருந்து ஒன்பதாவதுக்குப் போக வேறு பொம்பளைப் பிள்ளை இல்லை. "பொட்டப்புள்ளய ஒத்தையில எப்படி விடுறது?" என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. இரண்டு நாள் அதே பஸ்ஸில் போய் வந்து பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

அக்கா அழவில்லை. டி.சி.யை மடித்து டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸ் எனக்கு வந்தது. எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது.

என் எட்டாவது கொரோனாவில் போனது. கல்வித் தொலைக்காட்சி பார்க்க எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததுதான் மிச்சம். 2021 செப்டம்பரில் ஒன்பதாவது திறந்தார்கள். அந்த வருஷம்தான் பதினெட்டு வயசான அக்கா திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். முதல் இரண்டு சம்பளத்தில் எனக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கித் தந்தாள். அரசாங்கம் இலவச சைக்கிள் தருகிறதே என்று கேட்பீர்கள். தருகிறது, பதினொன்றாவதில்! ஏழு கிலோமீட்டர் ஒன்பதாவதிலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று யாராவது மேலே சொன்னால் தேவலை. நான் பத்தாவதோடு டிப்ளமாவுக்கு வந்துவிட்டதால் அந்த சைக்கிளும் எனக்கு இல்லை.

இப்போது எங்கள் தொடக்கப் பள்ளியில் ஒன்பது பிள்ளைகள். காலைச் சாப்பாடு போடுகிறார்கள், நாங்கள் படித்தபோது அது கிடையாது. இருந்தும் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்துவிட்டது. சித்தப்பா தன் மகளை வேனில் ஏற்றப் போவதாகச் சொன்னார். வேண்டாம் சித்தப்பா, ஒவ்வொருத்தராக எடுத்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், அப்புறம் ஒண்ணாவதுக்கே பிள்ளைகள் நடக்க வேண்டும் என்று வாதாடினேன். "நாளைக்கு உன் மகன அங்க சேப்பியா?" என்று கேட்டார். "சேப்பேன்" என்றேன். சொல்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதை அவரும் கவனித்துவிட்டார்.

இந்த வருஷம் அக்கா மில்லை விட்டு ஊருக்கே வந்துவிட்டாள். பஞ்சுத் தூசியில் இருமல். எட்டாவது தேர்ச்சி இருந்தால் பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதலாம், அறிவியல் செய்முறை வகுப்புக்கு மட்டும் முன்னதாகப் பதிய வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தேன். தீபாவளி லீவில் போய்ச் சொன்னேன். "இந்த வயசுலயாடா?" என்று சிரித்தாள். ராத்திரி பார்த்தால் டிரங்குப் பெட்டி திறந்து கிடக்கிறது. டி.சி. மடிப்பில் கிழிந்திருந்தது, கோந்து வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"செய்முறை வகுப்பு எந்த ஊர்லடா நடக்கும்? எத்தன மணிக்கு விடுவாங்க?" என்று கேட்டாள்.

சைக்கிள் வீட்டில்தான் நிற்கிறது. பின் சக்கரத்துக்கு டியூப் மாற்ற வேண்டும். அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொண்டு போகிறேன்.

— இறுதியாண்டு, சிவில்