மாடு, குதிரை ஏறக் கூடாது! சிங்கப்பூரின் 150 வயது தாண்டிய நடைபாலம்

சிங்கப்பூர் போகிறவர்கள் மெர்லயன் சிலை முன்னால் ஒரு செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால், சிங்கப்பூர் ஆற்றின் மேல் கேவனா பாலம். ஏறும் முன்பே ஒரு பழைய அறிவிப்புப் பலகை நம்மை நிறுத்தும். சுமையோடு சேர்த்து 3 ஹண்டிரட்வெயிட்டுக்கு மேல் எடையுள்ள வண்டிகளும், மாடு, குதிரைகளும் இதில் வரக் கூடாதாம். அந்தக் கால போலீஸ் தலைமை அதிகாரியின் உத்தரவு!

3 ஹண்டிரட்வெயிட் என்றால் சுமார் 152 கிலோ. ஆள் உட்கார்ந்த பைக்கூட தப்பாது.

ஆனால், 1869-ல் திறந்தபோது இது வண்டிகள் ஓடிய பாலம்தான். இரும்புப் பாகங்களை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செய்து, கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். ஆற்றுக்குள் தூணே கிடையாது. இரு கரைகளிலும் நிற்கும் தூண்களிலிருந்து சாய்வாக இறங்கும் இரும்புப் பட்டைகள், சுமார் 79 மீட்டர் நீளப் பாலத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன.

ஒரு குறையும் இருந்தது. உயரம் போதவில்லை. கடல் ஏறி ஆற்றில் தண்ணீர் உயர்ந்தால், சரக்குப் படகுகள் அடியில் நுழைய முடியாமல் காத்துக்கிடக்க வேண்டும். மேலே வண்டி நெரிசலும் கூடிக்கொண்டே போனது. மாற்றாக, 1910-ல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்தது. நல்லவேளை, பழையதை இடிக்கவில்லை. நடப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். பாரம் சுமக்கும் வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததால்தான், இன்றும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் நிற்கிறது. 2019-ல் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவித்துவிட்டார்கள்.

இந்தப் பாலத்தோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. பாகங்களை இங்கே பொருத்தி நிறுத்தியவர்கள், இந்தியாவிலிருந்து தீவாந்தர தண்டனையில் அனுப்பப்பட்ட கைதிகள். சென்னை மாகாணத்திலிருந்தும் அப்படிக் கைதிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார்கள். சாலை, தேவாலயம், கவர்னர் மாளிகை என அந்த ஊரை எழுப்பிய கைகளில் அவர்களுடையவையும் உண்டு. கைதிகளின் உழைப்பில் உருவான கடைசிப் பெரிய வேலைகளில் ஒன்று இந்தப் பாலம்.

பாலத்துக்குக் கிடைத்தது கவர்னர் கேவனாவின் பெயர். முகப்பில் இருப்பதும் அவர் குடும்பச் சின்னம்தான். வியர்வை சிந்தியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

அடுத்த முறை போனால், மாலையில் விளக்கு போட்ட பிறகு போங்கள். போட்டோ எடுத்து முடித்ததும், அந்த இரும்புப் பட்டையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். நம் ஊரிலிருந்து போய், திரும்பி வராமலே போன யாரோ ஒருவர் பூட்டியதாகவும் இருக்கலாம்.