சிவப்பு யாருக்கு?



சில ஆண்டுகளுக்கு முன்பு, ரவாங்கில் நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள். நான்காம் ஆண்டு மாணவர்களின் கணிதப் புள்ளிகளை எக்செல் விரிதாளில் பதிந்து வண்ணமிட்டு வைத்திருந்தேன். எக்செல் 2007இல் அறிமுகமான ‘கலர் ஸ்கேல்’ வசதி அது. எண்களைத் தெரிவுசெய்து ஒருமுறை சொடுக்கினால் உயர்ந்த புள்ளி பச்சையாகவும் இடைப்பட்டவை மஞ்சளாகவும் தாழ்ந்தது சிவப்பாகவும் மாறும். எனக்கோ பெருமை தாளவில்லை.

கோலாலம்பூரில் வேலை செய்யும் ஒரு தாயார் அரைநாள் விடுப்பெடுத்து, கொமுட்டர் இரயிலில் வந்து சேர்ந்தார். திரையைக் கண்டதும் அவர் முகம் வாடியது.

“டீச்சர், என் மகன் ஃபெயிலா?”

அவன் பெற்றிருந்தது 71 புள்ளிகள். முந்தைய சோதனையில் 52. பத்தொன்பது புள்ளிகள் முன்னேறிய பிள்ளைக்கு நான் சிவப்புச் சாயம் பூசியிருந்தேன்! இல்லையென்று விளக்கினேன். ஆயினும், அருகில் நின்ற சிறுவன் தலை நிமிரவே இல்லை.

அன்றிரவுதான் காரணத்தைத் தேடினேன். நாம் மாற்றாதவரை, தெரிவுசெய்த எண்களுள் மிகச் சிறியது எதுவோ அதற்கே அடர்சிவப்பு. அவ்வகுப்பில் உயர்ந்த புள்ளி 94. தாழ்ந்தது அவனுடைய 71. எல்லாரும் தேர்ச்சி பெற்றாலும் ஒருவருக்குச் சிவப்பு உண்டு. எல்லாரும் தவறினாலும் ஒருவருக்குப் பச்சை உண்டு. பின்னது இன்னும் ஆபத்தானது. நம்மை உறங்க வைத்துவிடும்.

தீர்வு எளிது. ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ பட்டியலில் ‘மேனேஜ் ரூல்ஸ்’ சென்று, ‘எடிட் ரூல்’ அழுத்துங்கள். மூன்று வண்ணங்களுக்கும் ‘டைப்’ என்னுமிடத்தில் ‘நம்பர்’ எனத் தேர்ந்து, சிவப்புக்கு 0, மஞ்சளுக்கு 50, பச்சைக்கு 100 என இடுங்கள். இப்போது 71 இளம்பச்சையாகத் தெரியும். சோதனைக்கு வராதவருக்குச் சுழியம் இடாதீர்கள். கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இல்லையேல் வராத பிள்ளையும் தவறிய பிள்ளையாகத் தோன்றுவான்.

யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளும் பிள்ளையைக் கலைத்திட்டத் தரத்தோடு ஒப்பிடுகின்றனவே தவிர, பக்கத்து இருக்கைப் பிள்ளையோடு அல்ல. நம் விரிதாளும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

இப்போதெல்லாம் வகுப்பின் முழு அட்டவணை என் பார்வைக்கு மட்டுமே. பெற்றோரிடம் அவர்தம் பிள்ளையின் வரிசையை மட்டும் காட்டுகிறேன். அதில் சென்ற சோதனையின் புள்ளியும் இந்தச் சோதனையின் புள்ளியும் அருகருகே இருக்கும். அந்தத் தாயாருக்கு அன்றே நான் காட்டியிருக்க வேண்டியது அதுதான்.