சிறு பெட்டிக்குள் ஒரு மண்டபம்

ஓசைக்கும் ஊருண்டு என்று கூறினால் மாணவர்கள் நகைப்பர். ஆயினும் அஃது உண்மையே. திறந்த வயல்வெளியிலே எழும் குரலும், கருங்கல் மண்டபத்திலே எழும் அதே குரலும் நம் செவிக்கு ஒன்றல்ல. மண்டபத்தின் சுவரும் தூணும் கூரையும் ஒலியைத் தெறிக்கச் செய்கின்றன. எண்ணற்ற அத்தெறிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, குரல் நின்ற பின்னரும் சிறிது நேரம் நிலைத்துத் தேய்கின்றன. இதனை எதிர்முழக்கம் என்பர். பிரிந்து தனியே கேட்கும் எதிரொலி வேறு, இது வேறு.

இதனை முதன்முதல் ஒழுங்காக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியர் வாலஸ் சபைன். அங்கே ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசிய சொல் ஐந்தரை விநாடி வரை நீடித்து, பின்வரும் சொற்களை விழுங்கிற்று. 1895 ஆம் ஆண்டில் அதனை ஆராயத் தொடங்கிய சபைன், இன்னோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஓர்கன் குழாயும் கடிகாரமும் கொண்டு இரவிரவாக அளந்தார். மெத்தைகள் கூடக் கூட முழக்கம் குறைந்தது. பேச்சுக்கு முழக்கம் குறைய வேண்டும். இசைக்கோ அஃது ஓரளவு வேண்டும்.

அந்த முழக்கத்தைச் செயற்கையாய் ஆக்கும் வழியைப் பின்வந்தோர் தேடினர். 1957 இல் ஜேர்மனியில் ஈஎம்ரி நிறுவனம் செய்த கருவியிலே பெரியதோர் உருக்குத் தகடு அதிர்ந்து மண்டபமாயிற்று. அதன் நிறை 270 கிலோகிராம் அளவு! 1960களின் தொடக்கத்தில் மன்பிரெட் ஷ்ரோடர் என்னும் அறிஞர் கணக்கினாலேயே முழக்கத்தை ஆக்கலாம் எனக் காட்டினார். 1987 இல் யப்பானிய 'பொஸ்' நிறுவனத்தின் ஆர்வீ-2 என்னும் 'றிவேர்ப் பெடல்' வந்தது. காலால் மிதித்து இயக்கும் அச்சிறு பெட்டி கிற்றார் வாசிப்போரின் காலடியில் ஒரு மண்டபத்தை வைத்தது. இத்தகைய பெட்டிகள் ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் எண்களாக்கி, அவற்றைச் சற்றே தாமதித்து, வலிமை குறைத்துக் குறைத்து, மீண்டும் மீண்டும் கலக்கின்றன. முழக்கம் எவ்வளவு நேரம் நீடிப்பது, எவ்வளவு கலப்பது என்பதைக் குமிழைத் திருப்பி அமைக்கலாம்.

என் தமையனாரின் மகனிடம் அத்தகைய பெட்டி ஒன்றுண்டு. கொழும்பிலே தொடர்மாடி வீட்டின் சிற்றறையில், அயலார் உறங்கும் வேளையில், காதிலே கேட்பொறியை மாட்டிக்கொண்டு அவன் பெரு மண்டபத்திலே வாசிக்கின்றான். தமையனார் இதனைப் போலி என்று கடிவார். யான் அவ்வாறு எண்ணவில்லை. இடமில்லாதவனுக்கு இடத்தைக் கடனாக ஈவது எவ்வாறு போலியாகும்?

ஆனால், சென்ற மாதம் அவன் வேறொன்று கேட்டான். மறைந்த எம் அன்னையார் தாலாட்டுப் பாடிய ஒலிப்பதிவு ஒன்று தமையனாரின் கைத்தொலைபேசியில் இருக்கின்றது. அவர் குரலாக எமக்கு எஞ்சியிருப்பது அஃதொன்றே. "சித்தப்பா, அப்பம்மாவின் குரலை இந்தப் பெட்டிக்குள்ளாலே விட்டுப் புதிதாகப் பதிந்து வைப்போமா? கோயிலில் பாடுவதுபோல் இருக்கும்" என்றான்.

அன்பினாலே கேட்டான், ஆதலின் உடனே மறுக்க மனம் வரவில்லை. இருவருமாக அப்பதிவை மீண்டும் கேட்டோம். குரலின் பின்னே சாய்மனைக் கதிரையின் கிறீச்சொலி கேட்டது. தாழ்ந்த கூரையிலும் சுண்ணாம்புச் சுவரிலும் பட்டு மீண்ட மெல்லிய முழக்கமும் கேட்டது. எந்தப் பதிவிலும் அது பிறந்த அறையும் உடன் பதிந்துவிடுகின்றது. அதன்மேல் இன்னொரு மண்டபத்தைக் கவித்தால் முன்னையது மூழ்கிவிடும். ஒருமுறை கலந்து பதிந்த முழக்கத்தைப் பின்னர் பிரித்தெடுத்தல் எளிதன்று. இசைப்பதிவுக் கூடத்தார் முழக்கமில்லாத மூலத்தைத் தனியே பேணி வைப்பதும் இதனாலேயே.

"தம்பி, உன் கிற்றாருக்கு எத்தனை மண்டபமும் கட்டு. அப்பம்மாவுக்கு அந்த அறையே போதும்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர் மூலப் பதிவை மூன்று இடங்களிலே பிரதி செய்து வைத்தான்.

விஞ்ஞானம் நமக்கு இல்லாத மண்டபங்களைத் தருகின்றது, நன்றியுடன் ஏற்போம். இருந்த அறைகளைக் காப்பது நம் கடன்.